குண்டூசித் தட்டு

அதெல்லாம் பண்ணியாச்சு தம்பி. நீங்க வந்து கதவைத் தட்டுறதுக்கு முன்னாடியே எல்லாம் பண்ணியாச்சு. வயரைப் பிடுங்கிச் சொருகியாச்சு. வேற ப்ளக்குல போட்டுப் பாத்தாச்சு. பேட்டரியைக் கழட்டி வச்சிட்டு பொத்தானை முப்பது செகண்ட் விடாம அமுக்குங்கன்னு போன்ல ஒரு பொண்ணு சொன்னா, நான் அறுபது வரைக்கும் எண்ணினேன், விரல் மரத்துப் போச்சு. என்ன? புரியலையா? இருங்க.

ம். வாயில குண்டூசி இருந்துச்சு, எடுத்துட்டேன். இப்பப் புரியுதா? பழக்கம். கைல துணி இருந்தா ஊசி வாய்க்குப் போயிடும். நீங்க அதைப் பாக்காதீங்க, லேப்டாப்பைப் பாருங்க. அதுக்குத்தான வந்தீங்க? காலைல ஒன்பதுக்கு வரேன்னு சொன்னாங்க உங்க கடையில, இப்ப மணி பதினொண்ணே கால். டிராஃபிக்கா? எனக்கு டிராஃபிக் தெரியாது, எனக்கு ஒன்பதுன்னா ஒன்பது. ஒருத்தர்கிட்ட சாயங்காலம் கோட்டு தரேன்னு சொன்னா சாயங்காலம் குடுப்பேன். டிராஃபிக்னு சொல்லி பாதிக் கையோட குடுப்பேனா?

பையை அந்த மாடிப்படியில வைங்க. தாராளமா வைங்க, யாரும் தடுக்கி விழ மாட்டாங்க. நான் அந்தப் படியில கால் வச்சு ஒன்பது வருஷம் ஆகுது. சாயங்காலம் மட்டும் ஒருத்தி அதுல இறங்குவா, அதுக்குள்ள முடிச்சிடுவீங்கல்ல? முடிச்சுத்தான் ஆகணும், சொல்லிட்டேன்.

என்ன ஆச்சுன்னா கேக்குறீங்க? என்ன ஆகல, அதைக் கேளுங்க. பொத்தானை அமுக்கினா சின்ன வெள்ளை லைட்டு வருது. உள்ள ஃபேன் ஓடுற சத்தம் கேக்குது. படம் மட்டும் வரல. கறுப்பு. அமாவாசை மாதிரிக் கறுப்பு. கொஞ்ச நேரம் பாத்துட்டு அந்த லைட்டும் மினுக் மினுக்னு ஆயிடுது. நம்ம பேசிட்டு இருக்கும்போதே எதிர்ல இருக்கறவன் கொட்டாவி விட்டா எப்படி இருக்கும், அப்படி எரிச்சல் வருது எனக்கு.

அது கூடப் பரவாயில்ல. நேத்து மத்தியானம் இதைத் துணியில சுத்தி, இந்த முட்டியோட, ரெண்டு தெரு நடந்து உங்க கடைக்குத் தூக்கிட்டு வந்தேன் பாருங்க. அங்க ஒருத்தர் இருந்தாரே, கண்ணாடியை நெத்தியில ஏத்தி வச்சுக்கிட்டு. அவர் அமுக்கினாரு, பளிச்சுனு வந்திருச்சு. ஒண்ணுமே இல்லம்மா, நல்லாத்தான இருக்குன்னு சொல்லிட்டு என்னை ஏற இறங்கப் பாத்தாரு. பொத்தான் எதுன்னு தெரியாம வந்த கிழவின்னு நினைச்சிருப்பாரு. எனக்கு ஐம்பத்தி ரெண்டுதான் ஆகுது. கைல தூக்கிட்டு வீட்டுக்கு வந்து இங்க, இதே மேஜையில வச்சு அமுக்குறேன், திரும்பக் கறுப்பு! அங்க போனா சிரிக்குது, என் மூஞ்சியைப் பாத்தா செத்துப் போகுது. இதுக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்?

இல்ல, கடையில படம் வந்தப்ப நான் ஒண்ணும் பாக்கல. ஏன்னா? நாலு பேரு நிக்கிற இடத்துல அதைத் திறந்து வச்சு நான் படிக்க முடியுமா? வந்திருச்சா, சரி, மூடுங்க மூடுங்கன்னு நான்தான் பறந்தேன். அங்கயே பாத்திருந்தா இந்நேரம் உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் வயித்தெரிச்சல் இல்ல. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

நிதானமாக் கழட்டுங்க, அது பழசு. பதினோரு வருஷம் ஆச்சு. வேற வாங்கிக்கங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அந்த போன் பொண்ணு சொன்னா, அவளுக்கு நான் குடுத்த பதில்ல அவ நேத்து ராத்திரி சாப்பிட்டிருக்க மாட்டா. எனக்கு புதுசு வேணாம் தம்பி. எனக்கு இதுக்குள்ள இருக்கிற ஒரு வரி வேணும். ஒரே ஒரு வரி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதுல ஒரு வரி எழுதியிருக்கு, இன்னிக்கு வியாழக்கிழமை, என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியல. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. சனிக்கிழமை மாசக் கடைசி. அதுக்குள்ள தெரியணும்.

யாரு எழுதினதா? என் தங்கச்சிதான், சின்னவ. வேற யாரு இருக்கா இந்த வீட்டுல? அவ மேல, நான் கீழ.

என்ன சிரிக்கிறீங்க? மேல இருக்கிறவகிட்டக் கேக்க வேண்டியதுதானேன்னு நினைக்கிறீங்க. நினைங்க. பேச்சுவார்த்தை இல்ல. ஒன்பது வருஷமா இல்ல. ஒரு துணி விஷயத்துல வந்த சண்டை. ஒரு துணிக்காக ஒருத்தி ஒன்பது வருஷம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாளா, நீங்களே சொல்லுங்க. நான் மூத்தவ. பதினாலு வயசுலேந்து அவளை நான்தான் வளத்தேன். கத்தரி பிடிக்கக் கத்துக் குடுத்தது நான். அளவு எடுக்கக் கத்துக் குடுத்தது நான். என்கிட்ட ஒரு வார்த்தை பேசாம, என் தலைக்கு மேல உக்காந்து மெஷின் மிதிச்சுக்கிட்டு இருக்கா, ராணி மாதிரி.

தொழில் எப்படி நடக்குதுன்னா? நல்லாத்தான் நடக்குது. அதுக்குத்தான் இந்த லேப்டாப்பே. வரவங்ககிட்டப் பேசுறது, அளவு எடுக்கிறது, வெட்டுறது, போட்டுப் பாக்குறப்ப குண்டூசி குத்துறது, எல்லாம் கீழ நான். தைக்கிறது மேல அவ. அளவு எல்லாம் இதுக்குள்ள ஒரு ஃபைல்ல இருக்கு. பேரு, தோள், மார்பு, இடுப்பு, நீளம், கடைசியா குறிப்புன்னு ஒரு கட்டம். காலைல நான் எழுதுவேன். சாயங்காலம் ஆறு மணிக்கு நான் பின்னால என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்குவேன், அவ இறங்கி வருவா, படிப்பா, வெட்டி வச்ச துணிக்கட்டை எடுத்துட்டுப் போவா, அவ எழுத வேண்டியதை எழுதிட்டுப் போவா. மறுநாள் காலைல நான் படிப்பேன். இப்படியே ஒன்பது வருஷம். ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாக்க வேண்டியதில்ல. நல்ல ஏற்பாடுதான். யாரும் குறை சொல்ல முடியாது.

குறிப்புல என்ன எழுதுவோமா? என்ன எழுதுவாங்க, வேலைதான். இவருக்கு இடது தோள் ஒரு விரக்கடை இறக்கம். இந்தம்மா மூச்சைப் பிடிச்சுக்கிட்டுதான் அளவு குடுப்பாங்க, இடுப்புல ரெண்டு இஞ்ச் சேத்துப் போடு. அப்படி நான் எழுதுவேன். அவளுக்கு நக்கல் ஜாஸ்தி. ஒரு தடவ நான் ஜுரத்தோட வெட்டினேன், கொஞ்சம் கோணிடுச்சு. மறுநாள் குறிப்புல இருக்கு, கட்டிங் கோணல், ஜுரமா, மாத்திரை இஸ்திரி மேஜை மேல இருக்கு, வெறும் வயித்துல போடாத அப்படின்னு. அதையும் எதுல எழுதியிருக்கா? ஒரு வக்கீலோட பேண்ட் அளவுக்குப் பக்கத்துல. அந்த ஃபைலை வேற யாராவது படிச்சா எங்க ரெண்டு பேருக்கும் மண்டை கழண்டு போச்சுன்னு நினைப்பாங்க.

அப்புறம் இந்த ஊசி. ஊசியை வாயில வைக்காத, ஊசியை வாயில வைக்காதன்னு வாரத்துக்கு ஒருக்கா எழுதுவா. ஒன்பது வருஷத்துக்கு எத்தனை வாரம், கணக்குப் போட்டுக்குங்க. முழுங்கிட்டா யாரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறதுன்னு ஒரு தடவ எழுதியிருந்தா. யாரும் ஓட வேணாம்னு நான் எழுதினேன். ஆமா, அப்படித்தான் எழுதினேன். என் வாய், என் ஊசி. இவளுக்கு என்ன வந்துச்சு?

ஐயோ, என்னது அது? ஃபேனுக்குள்ள இருந்தா? இவ்வளவா? ஒரு தலையணை தைக்கலாம் போலருக்கே. பஞ்சு வரத்தான் செய்யும், இது தையல் கடை, கம்ப்யூட்டரை மேஜை ஓரத்துல வச்சுட்டு பக்கத்துலயே துணி வெட்டினா பஞ்சு பறக்காம என்ன பறக்கும்? இதனாலதான் படம் வரலையா? இருக்கலாம்னா என்ன அர்த்தம்? இருக்கா இல்லையா? உங்க ஆளுங்க யாருமே நேராப் பதில் சொல்ல மாட்டீங்களா?

சரி, மூடிட்டு அமுக்குங்க.

பாத்தீங்களா. லைட்டு வருது. ஃபேன் வருது. இப்ப சத்தம் கம்மி, அது வேணா நல்லாருக்கு. படம் எங்க? படம் எங்க தம்பி? நான் ஃபேனுக்காகவா உங்களைக் கூப்பிட்டேன்?

டார்ச் அடிச்சுப் பாக்கணுமா? பாருங்க. நானும் நேத்து போன் டார்ச்சை அடிச்சுப் பாத்தேன், என் மூஞ்சிதான் தெரிஞ்சுது. பாக்கச் சகிக்கல.

திங்கக்கிழமை என்ன எழுதியிருந்தா தெரியுமா? கேளுங்க, கேட்டா உங்களுக்கே பத்திக்கிட்டு வரும். ஒரு சின்னப் பொண்ணோட ஃப்ராக் அளவு. அதுக்கு நேரா குறிப்புல, மாசக் கடைசியோட நான் நின்னுக்கிறேன், ஒரு கம்பெனியில வேலை குடுத்திருக்காங்க, தங்க இடமும் அங்கயே, அப்படின்னு. அவ்வளவுதான். இத்தனை வருஷத்துக்கு. ஃப்ராக்குக்குக் கழுத்து வட்டமா சதுரமான்னு கேக்குற மாதிரி எழுதிட்டுப் போயிட்டா. செவ்வாய்க்கிழமை காலைல இதே ஸ்டூல்ல உக்காந்து படிச்சேன். அன்னிக்கு வந்த ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பிட்டேன். கத்தரியைத் தொடவே இல்ல, கோவத்துல.

நான் என்ன எழுதினேனா? என்ன எழுதுவேன். போறவ போகட்டும்னு எழுதினேன். பின்ன, கால்ல விழுவேனா? எழுதிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திட்டேன். ஆறு மணிக்கு இறங்கி வந்தா. வழக்கமா பத்து நிமிஷம். அன்னிக்கு முக்கால் மணி நேரம் இங்கயே இருந்தா. நான் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். தட்டுவா, நிறுத்துவா. தட்டுவா, நிறுத்துவா. அழிக்கிற பட்டனுக்குன்னு ஒரு சத்தம் இருக்கு பாருங்க, டக டக டக டகன்னு, அது நாலு தடவ கேட்டுச்சு. அப்புறம் மூடி வச்சிட்டு மேல போயிட்டா. மறுநாள் காலைல திறக்குறேன், இந்தக் கறுப்பு. எனக்கு எப்படி இருக்கும்?

உள்ள இருக்கிற டிஸ்க்கை மட்டும் கழட்டிட்டுப் போறீங்களா? வேற மெஷின்ல போட்டுப் படிச்சிட்டுச் சொல்றீங்களா? வேணாம். ஒண்ணும் வேணாம். உங்க கடையில பத்துப் பேரு சுத்தி நின்னு எங்க வீட்டு விஷயத்தைப் படிக்கவா? இங்கயே பண்ணுங்க. முடியலைன்னா முடியலைன்னு சொல்லிட்டுப் போங்க, நான் வேற ஆளைக் கூப்பிட்டுக்கிறேன். அந்த ஆளும் முடியலைன்னா அடுத்த ஆளு.

மேல சத்தம் கேக்குதா உங்களுக்கு? கேக்கலல்ல? ரெண்டு நாளா மெஷின் ஓடல. நேத்து ராத்திரி எதையோ தரையில இழுத்தா. பெட்டியா இருக்கும். பெட்டியை எடுத்து அடுக்க ஆரம்பிச்சிட்டா போல. அடுக்கட்டும். போகட்டும். எனக்கென்ன.

நேத்து சாயங்காலம் இறங்கி வந்தா. நான் அறைக்குப் போகல, இதை வச்சுக்கிட்டு இங்கயே மல்லு கட்டிக்கிட்டு இருந்தேன், மணி ஆறானதே தெரியல. படியில காலடி. நாலாவது படியில நின்னுட்டா. வெளிச்சம் அவ கால்ல மட்டும் விழுந்துச்சு, பாதம் தெரிஞ்சுது. குதிகால் வெடிச்சிருக்கு. அந்த வயசுல எனக்குக் கூட அப்படி இல்ல. என்னத்தைத் தேய்க்குறாளோ, என்னத்தைப் பாத்துக்கிறாளோ. ரெண்டு நிமிஷம் நின்னிருப்பா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? என்னக்கா, லேப்டாப் ஓடலையா, இவ்வளவுதான? வாய் முத்து உதிர்ந்துடுமா? திரும்பி ஏறிப் போயிட்டா.

நானா? நான் எப்படிக் கேக்கறது? என் வாயிலதான் ஊசி இருந்துச்சே.

திரும்ப அமுக்கிட்டீங்களா? இல்ல, வரல. எனக்கும் கண்ணு தெரியுது. நகருங்க, நான் அந்தக் கோட்டு வேலையையாவது முடிக்கிறேன், சாயங்காலம் ஆளு வந்துடுவாரு. அந்தத் தட்டை எங்க வச்சீங்க? குண்டூசித் தட்டு. கழட்டுறப்ப எடுத்து அந்தப் பக்கம் வச்சீங்களே? வச்சீங்களா, நான் அதை எடுத்து மறுபடி அதோட இடத்துல வச்சிட்டேனா? ஆமா, லேப்டாப் மேலதான் இருக்கு. கை வைக்கிற இடத்துல, இடது பக்கம். அங்கதான் வைப்பேன். வலது கையில துணி, இடது கையில ஊசி, வேற எங்க வைக்க?

அது பின்ன என்ன, குண்டூசி வைக்கிற தட்டுதான். புதுசு. ஊசியைத் தூக்கிப் போட்டா போய் ஒட்டிக்கும், கீழ கொட்டினாலும் கொட்டாது. நான் வாங்கல. எனக்கு எதுக்கு அது, என் வாய் இருக்கு. புதன்கிழமை காலைல வந்து பாக்குறேன், மூடின லேப்டாப் மேல இது உக்காந்திருக்கு. சீட்டு இல்ல, ஒண்ணும் இல்ல. அவ வாங்கி வச்சிட்டுப் போயிருக்கா. போறவ எனக்கு எதுக்குத் தட்டு வாங்கி வைக்கணும்? இத்தனை வருஷம் தராதவ, கிளம்புற நேரத்துல பிச்சை போடுற மாதிரி. தூக்கி வெளிய எறியலாம்னுதான் எடுத்தேன். ஊசி ஒட்டுதான்னு பாக்க ஒண்ணு போட்டேன், ஒட்டிச்சு. சரி கிடக்கட்டும்னு லேப்டாப்பைத் திறந்த கையோட அது மேலயே வச்சுக்கிட்டேன்.

அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? தட்டைக் குடைஞ்சுக்கிட்டு இருக்கீங்க? நான் லேப்டாப்பைக் காட்டினா நீங்க...

தம்பி. வந்திருச்சு.

என்ன பண்ணினீங்க? ஒண்ணும் பண்ணலையா? தட்டை மட்டும்தான் எடுத்தீங்களா? விளையாடாதீங்க. திரும்ப வைங்க. அணைஞ்சு போச்சு! எடுங்க. வந்திருச்சு. வைங்க. எடுங்க. என்ன தம்பி இது, மாயமா மந்திரமா?

காந்தமா? மூடியில ஒரு காந்தம் இருக்கும், மூடினா அது கீழ வந்து உக்காரும், உடனே மெஷினுக்கு மூடிட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிடும், படத்தை நிறுத்திடும். சரி. தட்டுலயும் காந்தம். அதே இடத்துல நான் கொண்டு போய் வச்சிட்டேன். அதனால மூடியிருக்குன்னு நினைச்சுக்கிச்சா? திறந்துதான தம்பி கிடக்கு! ரெண்டு நாளா கண்ணு முன்னாடி விரியத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், அது மூடியிருக்குன்னு நினைச்சா நான் என்ன பண்ண? உங்க கடைக்குத் தட்டைக் கொண்டு வரல, அங்க நல்லாருந்துச்சு. அட கடவுளே. ரெண்டு நாள். ரெண்டு தெரு, இந்த முட்டியோட. அந்தக் கண்ணாடிக்காரர்கிட்ட இதைச் சொல்லிடாதீங்க, தயவு பண்ணுங்க.

இப்ப அந்த ஃபைலைத் திறங்க. நான் திறக்குறதா? இல்ல, நீங்க திறங்க. கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல. தலையில இருக்கா? இருக்கட்டும். நீங்களே பாருங்க. நாலு பேரு இருக்கிற இடம் இல்லையே இது, நீங்க ஒருத்தர்தான. கீழ போங்க, இன்னும் கீழ. சின்னப் பொண்ணோட ஃப்ராக்குன்னு இருக்கா? அதுக்கு நேரா, கடைசிக் கட்டம். மூணு வரி இருக்குமே. முதல்ல அவளோடது, நடுவுல என்னோடது, கடைசில இருக்கிறதை மட்டும் படிங்க. நடுவுல இருக்கிறதைப் படிக்காதீங்க.

சத்தமா வேணாம். ம். சொல்லுங்க.

திரும்பச் சொல்லுங்க.

அடுத்த மாசம் தர வேண்டிய யூனிஃபார்ம் துணியை இப்பவே வெட்டி வை, ஒண்ணாந்தேதிலேந்து மொத்தமாத் தைச்சிடுறேன். தட்டு வாங்கியிருக்கேன், இனிமே ஊசியை வாயில வைக்காத. அவ்வளவுதானா? வேற ஒண்ணும் இல்லையா? கீழ நல்லாப் பாருங்க.

அடுத்த மாசம்னா போட்டிருக்கா? மாசக் கடைசியோட நின்னுக்கிறேன்னவ அடுத்த மாசத் துணியைத் தைக்கிறாளாம். மொத்தமா. அதுக்கு முக்கால் மணி நேரம், நாலு தடவ அழிச்சு அழிச்சு. திமிரு பாத்தீங்களா? போகலன்னு நேராச் சொன்னா குறைஞ்சு போயிடுவா. செவ்வாய்க்கிழமையே எழுதி வச்சிட்டு ரெண்டு நாளா வெட்டின துணி வரும் வரும்னு மேல உக்காந்திருக்கா, நான் ஒண்ணும் வெட்டி வைக்கல. நேத்து நாலாவது படியில வந்து நின்னது அதுக்குத்தான். அக்கா பதிலைப் படிச்சிட்டும் ஒண்ணும் பண்ணாம உக்காந்திருக்கான்னுதான நினைச்சிருப்பா? வேணாம்னு சொல்றான்னு நினைச்சிருப்பா. அப்புறம்தான் பெட்டியை இழுத்திருக்கா. ஐயோ.

என்ன? நடுவுல இருக்கிறதையும் படிச்சிட்டீங்களா? படிக்காதீங்கன்னேன்ல? கண்ணுல பட்டுதாம். ஆமா, போறவ போகட்டும்னு எழுதலதான். பொய்தான் சொன்னேன். வந்தவுடனே உங்ககிட்ட எல்லாத்தையும் கொட்டிடுவேனா?

அந்த டிரஸ்ஸை நான் வெட்டியிருக்கக் கூடாது. அதான் எழுதினேன். அவ்வளவுதான்.

எந்த டிரஸ்ஸா? அவளோட கல்யாண டிரஸ்தான். அவளே தைச்சது, மூணு மாசம், மெஷின்ல ஒரு தையல் இல்ல, எல்லாம் கையால. கல்யாணத்துக்கு மூணு வாரம் இருக்கும்போது கட்டிக்க இருந்தவன் வேணாம்னுட்டான். அது இந்தச் சுவத்துல, இதோ இந்த ஆணியில நாலு மாசம் தொங்கிச்சு. தினம் அதைப் பாத்துக்கிட்டே அவ வேலை செய்வா. அப்ப ஒரு பொண்ணு அழுதுக்கிட்டு ஓடி வந்தா, அஞ்சு நாள்ல கல்யாணம், வேற எவனோ ஒரு டெய்லர் அவ டிரஸ்ஸைக் கெடுத்துட்டான். கிட்டத்தட்ட என் தங்கச்சி அளவுதான். ஆணியில தொங்குறது தங்கச்சி கண்ணுல படாம போனாப் போதும், அவ மனசு ஆறிடும்னு நினைச்சேன் தம்பி, சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அவ போட்ட தையலை பிளேடால பிரிச்சேன், ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் வெட்டினேன். அந்தப் பொண்ணை ஸ்டூல் மேல ஏத்தி நிக்க வச்சு, நான் கீழ மண்டி போட்டு மடிப்புக்கு ஊசி குத்திக்கிட்டு இருக்கேன், இவ படியில இறங்கி வரா. நாலாவது படியில நின்னுட்டா. நிமிந்து பாத்தேன். வாய் நிறைய ஊசி. எடுத்துட்டுப் பேசியிருக்கலாம், ரெண்டு செகண்ட் ஆகியிருக்கும். எடுக்கல. குனிஞ்சு அடுத்த ஊசியைக் குத்தினேன்.

சரி, போதும். அதை மூட வேணாம், அப்படியே இருக்கட்டும். தட்டைத் தள்ளி வைங்க, அந்த ஜன்னல் பக்கம். உங்க பையைப் படியிலேந்து எடுத்துக்கங்க தம்பி, எனக்கு வழி வேணும்.